கடை திறந்துதான் இருக்கு

அந்தச் சபையில் நல்லது எது, கெட்டது எது என்று கண்டுபிடிக்க ஒரு படிவம் இருந்தது. ஒரே பக்கம். மூன்றே கேள்விகள்.

பேய் உண்டா? மந்திரம் உண்டா? காதல் உண்டா?

மூன்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால் ‘சபைக்கு ஏற்றது’ என்று முத்திரை குத்துவார்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் போச்சு. புத்தகம் என்றால் இரும்பு அலமாரிக்குள் போய்விடும். டிவி நிகழ்ச்சி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள்.

படிவத்தை உண்டாக்கியவர் சபை மூப்பர் ஒருவர். சொந்தமாக அச்சகம் வைத்திருந்தார். அதனால் எல்லோரும் அவரை அச்சகத்து ஐயா என்றார்கள். ‘பொழுதுபோக்கு விழிப்புக் குழு’வுக்கு அவர்தான் தலைவர். குழுவில் இன்னும் நான்கு பேர் உண்டு. அவர் பேசும்போது தலையாட்டுவது அவர்கள் வேலை.

குழுவில் யாரும் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. “படிச்சா மனசு கெட்டுப் போயிடும்ல?” என்பார் ஐயா. அட்டையைப் பார்ப்பார்கள். அது போதும். அட்டையில் வௌவால் படம் இருந்ததால் ஓர் அறிவியல் புத்தகம் அலமாரிக்குள் போனது. நரி பேசுகிறது என்று ஒரு கதைப் புத்தகம் போனது.

அன்றைக்கு ஞாயிறு பள்ளியில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்குப் பதினொரு வயது. கேள்விப்பெட்டி என்று பட்டப்பெயர்.

“நரி பேசினா தப்பா ஐயா?”

“தப்புதான். மிருகம் பேசினா அது மந்திரம்.”

“வேதத்துல ஒரு கழுதை பேசுதே ஐயா?”

அச்சகத்து ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கழுதை வேற.”

“எப்படி ஐயா வேற?”

“உட்காரு பாப்பா.”

கேள்விப்பெட்டி தன் வாழ்க்கையில் அதிகம் வாங்கிய பதில் அதுதான்.

‘குலுங்கக் குலுங்க’ என்று ஒரு டிவி நிகழ்ச்சி சனிக்கிழமை தோறும் மாலையில் வந்தது. அதில் பேய் இல்லை, மந்திரம் இல்லை, காதல் இல்லை. மூன்று ‘இல்லை’யும் வாங்கி முத்திரையும் வாங்கிவிட்டது. சபையே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தது.

அதில் ஒரு கடைக்காரர் வருவார். இழுவை மாமா என்று ஒருவர் சாமான் வாங்க வருவார். இழுவை மாமாவுக்குப் பேச்சு திக்கும். “ஒ-ஒ-ஒரு சோ-சோ-சோ…” என்று அவர் திணறுவார். கடைக்காரர் ஷட்டரைத் தடாலென்று இழுத்துவிட்டு, “நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். கடையைச் சாத்தியாச்சு!” என்பார். உடனே டிவிக்குள் இருக்கும் ஆட்கள் எல்லோரும் சிரிப்பார்கள். டிவிக்கு வெளியே இருப்பவர்களும் சிரிப்பார்கள்.

கேள்விப்பெட்டியும் சிரித்தாள். அவளுடைய தம்பியும் சிரித்தான்.

தம்பிக்கு எட்டு வயது. அவனுக்கும் பேச்சு திக்கும்.

முதல் வாரம் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தில் அவன் பாடம் ஒப்பிக்க எழுந்தபோது, பின் வரிசையிலிருந்து ஒருவன், “கடையைச் சாத்தியாச்சு!” என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது.

மூன்றாவது வாரம் சாப்பிடும்போது தம்பி, “அ-அக்கா, அந்த உ-உ-உப்பு…” என்றான்.

“கடையைச் சாத்தியாச்சு!” என்றாள் கேள்விப்பெட்டி. சும்மா வாயில் வந்துவிட்டது. வசனம் அப்படி. சிரிக்கவும் செய்தாள்.

தம்பியும் சிரித்தான். பிறகு கையை நீட்டித் தானே உப்பை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பையை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவான். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. ‘பையன் நல்லா அடக்கமாயிட்டான்’ என்று பக்கத்து வீட்டு மாமி பாராட்டினார்.

ஒருநாள் சாயங்காலம் குடும்ப ஜெபம். வழக்கமாக அம்மா முதலில், அடுத்து கேள்விப்பெட்டி, கடைசியில் தம்பி. அவனுடைய ஜெபம் நீளமாக இருக்கும். வாசலுக்கு வரும் நொண்டிப் பூனை வரைக்கும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வான். பூனைக்குப் பெயர் வைத்ததே ஜெபத்தில் சொல்வதற்காகத்தான்.

அன்றைக்கு அவன் முறை வந்ததும், “நா-நான் மனசுக்குள்ள ப-பண்ணிக்கிறேன்” என்றான்.

“ஏன் கண்ணு?” என்றாள் அம்மா.

“ஆ-ஆண்டவருக்கும் வே-வேலை இருக்கும்ல? எ-எவ்ளோ நேரம் கா-காத்திருப்பாரு?”

அம்மா தையல்காரி. கையில் துணி இருந்தால் குனிந்துகொள்ளலாம். அன்றைக்குக் கையில் துணி இல்லை.

கேள்விப்பெட்டிக்கு அவன் தானே கை நீட்டி எடுத்துக்கொண்ட உப்பு ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அக்கா ஓர் அறிவிப்போடு வந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். மிகவும் நல்லவர். எதற்கும் யோசிக்க மாட்டார்.

“ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடறோம்! ‘குலுங்கக் குலுங்க’ல வர்ற கடை சீன்! குழுகிட்ட குடுத்தேன். மூணுக்கும் ‘இல்லை’. உடனே முத்திரை குத்திக் குடுத்துட்டாரு ஐயா!”

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“கடைக்காரர் யாரு? சத்தமா பேசறவங்க வேணும். கேள்விப்பெட்டி, நீதான். இழுவை மாமா யாரு தெரியுமா?” அக்கா தம்பியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “நம்ம குட்டிதான்! அவனுக்குப் பயிற்சியே வேண்டாம். தானா வரும்!”

வகுப்பு சிரித்தது. அக்கா அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அதில் பெரிய தொந்தரவு.

வீட்டுக்கு நடக்கும்போது கேள்விப்பெட்டி, “முடியாதுன்னு சொல்லுடா” என்றாள்.

“மா-மாட்டேன். நா-நான் நடிக்கிறேன்.”

“முந்நூறு பேர் சிரிப்பாங்கடா! புரியுதா?”

“பு-புரியுது. எல்லாரும் ஒ-ஒரே நாள்ல சி-சிரிச்சு முடிச்சிட்டா, அ-அப்புறம் விட்டுடுவாங்கல்ல?”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அன்று ராத்திரி அம்மா தம்பிக்கு நாடகச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த நாடகம் வேண்டாம்மா.”

“எனக்குத் தெரியாதாடி?” அம்மா கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. “மூணு வருஷம் அவனை மரமா நிக்க வெச்சாங்க. போன வருஷம் கல்லு. இந்த வருஷம்தான் வாயைத் திறக்கற வேஷம் குடுத்திருக்காங்க. அவன் நடிக்கிறேன்ங்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?”

கத்தரிக்கோல் துணிக்குள் கரகரவென்று போனது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கேள்விப்பெட்டி நேராக அச்சகத்துக்குப் போனாள். மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மை வாடை மூக்கைத் துளைத்தது. ஐயா ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நம்ம படிவத்துல நாலாவதா ஒரு கேள்வி சேர்க்கணும்.”

“என்ன கேள்வி?”

அவள் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். “‘இதுல யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?’”

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். “அதுக்கு எப்படிப் பாப்பா ‘ஆம்’, ‘இல்லை’ன்னு போடறது?”

“போட முடியாது ஐயா. யோசிச்சு எழுதணும்.”

“யோசிக்க வேண்டாம்னுதானே படிவமே அடிச்சோம்!” ஐயா பெருமையாகச் சிரித்தார். “ஆயிரம் காப்பி அடிச்சாச்சு. இனி இடமும் கிடையாது.”

கேள்விப்பெட்டி மேசை மேலிருந்த படிவம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பக்கத்தின் கீழ்ப் பாதி முழுக்க, ‘கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, நோட்டீஸ்: குறைந்த செலவில், நிறைந்த தரத்தில்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“இங்க இடம் இருக்கே ஐயா.”

“அது விளம்பரம்.”

“அதுல கொஞ்சம் குறைச்சா…”

“வீட்டுக்குப் போ பாப்பா.”

உட்காரச் சொல்ல அங்கே இன்னொரு நாற்காலி இல்லை. அதனால் பதில் மாறியது.

ஆண்டு விழா நாள் வந்தது. மண்டபத்தில் முந்நூறு பேர். முன் வரிசையில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலர் வந்து இடம் பிடித்திருந்தார்கள். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் ஒரு கடை. அதன் வாசலுக்கு மேலே பெரிய அட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தூக்கியிருந்தார்கள். அதுதான் ஷட்டர். கயிற்றின் நுனி கேள்விப்பெட்டியின் கையில் இருந்தது. தம்பி மூன்று சாமான் கேட்க வேண்டும். மூன்றாவதில் திணறும்போது அவள் கயிற்றை விட வேண்டும். அட்டை தொப்பென்று விழும். அவள் வசனத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நாடகம்.

தம்பி ஒட்டு மீசையோடு வந்தான். அவன் வந்து நின்றதுமே சிரிப்பு தொடங்கிவிட்டது.

“ஒ-ஒரு சோ-சோப்பு.”

சிரிப்பு. அவள் சோப்பை எடுத்து வைத்தாள்.

“ரெ-ரெண்டு மெ-மெழுகுவர்த்தி.”

பெரிய சிரிப்பு. அவள் மெழுகுவர்த்தியை எடுத்து வைத்தாள்.

“ஒ-ஒரு தீ-தீ-தீ…”

அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே மாட்டிக்கொண்டுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் அக்காவின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தன. எப்போது விழும் என்று காத்திருந்தன.

திரைக்குப் பின்னாலிருந்து வகுப்பு அக்கா, “கயித்தை விடுடி! வசனத்தைச் சொல்லு!” என்று கிசுகிசுத்தார்.

கேள்விப்பெட்டி கயிற்றை விடவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

முன் வரிசையில் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. “கடையைச் சாத்தியாச்சு!” என்று கத்தினான். மண்டபமே அதிர்ந்து சிரித்தது.

“கடை திறந்துதான் இருக்கு,” என்றாள் கேள்விப்பெட்டி. அவளுக்குத்தான் சத்தமான குரலாயிற்றே, கடைசி வரிசை வரை கேட்டது. “நீங்க நிதானமா சொல்லுங்க.”

இது ஏதோ புது நகைச்சுவை என்று நினைத்து மறுபடியும் சிரித்தார்கள். அவள் காத்திருந்தாள். அடுத்தது என்னவோ வரப்போகிறது என்று அவர்களும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சிரிப்பு ஓரங்களில் அணைய ஆரம்பித்தது. யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முந்நூறு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“தீ-தீப்பெட்டி,” என்றான் தம்பி.

“இந்தாங்க. வேற என்ன வேணும்?”

இது நாடகத்திலேயே இல்லை. தம்பி அவளைப் பார்த்தான். அவள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“ஒ-ஒரு கோ-கோடு போட்ட நோட்டு,” என்றான் மெதுவாக.

“இருக்கு. வேற?”

“ரெ-ரெண்டு பென்சில். ஒ-ஒரு ர-ரப்பர். ஒ-ஒரு குடை.”

“குடை என்ன கலர் வேணும்?”

“ம-மஞ்சள்.”

இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றையும் காற்றிலிருந்து எடுத்து வைத்தாள். கடைசியில் மீசையைத் தடவிக்கொண்டு, “ஒ-ஒரு யா-யானை இருக்கா?” என்றான்.

“யானை நாளைக்குத்தான் வரும். சொல்லி வைக்கட்டுமா?”

மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான். மூன்றாவது வரிசையில் அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

நாடகம் முடிந்ததும் கேள்விப்பெட்டியும் தம்பியும் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனார்கள். நாடகத்துக்கென்று எழுதி, ஈரம் காயவில்லை என்று மேடைக்குக் கொண்டுபோகாமல் விட்ட ‘மளிகைக் கடை’ பலகை அங்கே சுவரில் சாய்ந்து நின்றது. அச்சகத்து ஐயா வெள்ளைச் சட்டையில், அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டு அவர்களுக்காகக் காத்திருந்தார். மேடையில் அவர் பேசுவதற்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார். நாடகம் நீண்டதில் பத்து நிமிடம்தான் மிச்சம்.

“வசனத்தை மறந்துட்டியா?”

“இல்ல ஐயா.”

“அப்ப வேணும்னே சொல்லலையா?”

“ஆமா ஐயா.”

ஐயாவின் முகம் சிவந்தது. “குழு முத்திரை குத்தின நாடகம் அது! நீ யாரு மாத்தறதுக்கு?”

“ஐ-ஐயா, உ-உங்க மு-மு…” என்றான் தம்பி.

“நீ சும்மா இருப்பா.” ஐயா கேள்விப்பெட்டி பக்கம் திரும்பினார். “இனிமே உனக்கு வேஷம் கிடையாது பாப்பா.”

“சரி ஐயா.”

“ஐ-ஐயா, மு-முது…”

“உன் தம்பிக்கும் கிடையாது!”

அது வலித்தது. கேள்விப்பெட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓரத்தில் நின்ற வகுப்பு அக்கா மேடைச் சாமான்களை அவசரமாக அடுக்க ஆரம்பித்தார்.

“ஐ-ஐ-ஐயா…”

“உனக்காகக் காத்திருக்க எனக்கு நேரமில்லப்பா,” என்று சொல்லிவிட்டு ஐயா திரும்பி நடந்தார்.

தம்பி சொல்ல வந்தது என்னவென்று அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஐயாவின் முதுகில், இடுப்புக்கு மேலே, பளபளவென்று நீலப் பெயிண்டில் ‘மளிகைக் கடை’. தலைகீழாக இல்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி, ஓர் எழுத்து விடாமல், அருமையான அச்சு.

வகுப்பு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினார். கேள்விப்பெட்டிக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. ஐயா மண்டபத்தின் நடுவே நடந்துதான் மேடைக்குப் போக வேண்டும். முந்நூறு பேரும் பார்ப்பார்கள்.

“போகட்டும்டா,” என்றாள். “இன்னைக்கு அவர் முறை.”

தம்பி சிரிக்கவில்லை. “வே-வேண்டாம்க்கா. அ-அது எப்படி இ-இருக்கும்னு எனக்குத் தெ-தெரியும்.”

சொல்லிவிட்டு ஓடினான். ஒரு நொடி நின்றுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் ஓடினாள்.

கதவருகே ஐயாவைப் பிடித்துவிட்டார்கள். அதற்குமேல் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. இரண்டு பேரும் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவர் கால் வைக்கும் இடத்தில் கால் வைத்து நடந்தார்கள். ஐயா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு புன்னகை வந்தது. மன்னிப்புக் கேட்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

மேடையில் பாடகர் குழுப் பிள்ளைகள் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அங்கேயும் விலக முடியவில்லை. ஐயா மைக்கைப் பிடித்தார்.

“சபையாரே! இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரு தப்பு பண்ணினாங்க. இப்ப பாருங்க, தானா மனம் திருந்தி, என் பின்னாடியே வந்து நிக்கறாங்க. இதுதான் நம்ம படிவத்தோட பலன்!”

மண்டபம் கைதட்டியது. குழுவில் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். கேள்விப்பெட்டிக்குக் காது இரண்டும் கொதித்தன.

“அ-அக்கா,” என்று தம்பி கிசுகிசுத்தான். “எ-என்ன சொல்றாரு?”

“நாம திருந்திட்டோமாம்.”

“ச-சரி. நீ கொ-கொஞ்சம் அந்தப் பக்கம் த-தள்ளி நில்லு. ஒ-ஒரு எழுத்து வெளிய தெ-தெரியுது.”

அவன் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கேள்விப்பெட்டி தள்ளி நின்றாள்.